தினம் ஒரு படம் எடுக்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

கேள்வி: ஜனவரி 1 முதல் தினம் ஒரு படம் என்று குடும்பத்தைப் போனில் எடுத்து வருகிறேன். முதல் மாதம் ஜோராகப் போனது. இப்போது எடுத்துப் பார்த்தால் பையன் சோபாவில், பையன் தரையில், மறுபடியும் பையன் சோபாவில். மகளுக்குப் பதிமூன்று வயது, போனைத் தூக்கினாலே முகத்தை மூடிக்கொள்கிறாள். "எப்பப் பார்த்தாலும் போன்தானா, கொஞ்சம் எங்களோடும் இரேன்" என்கிறார் கணவர். மாமியார் மட்டும் கூப்பிட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து போஸ் கொடுக்கிறார். நான் எதிலும் இல்லை. நடுவில் ஒன்பது நாள் விட்டும் போயிற்று. எங்கள் வீட்டில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, அதுதான் பிரச்சினையோ? நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா, இல்லை விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி

பதில்: விட வேண்டாம். கேமராவும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் கேமரா தீர்த்துவைக்கக்கூடிய பிரச்சினை ஒன்றுகூட இல்லை. பீரோவில் பத்திரமாக இருக்கும் பெரிய கேமராவைவிடக் கைக்கு எட்டும் போன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. லென்ஸை மட்டும் மெல்லிய துணியால் அவ்வப்போது துடைத்துவிடுங்கள். விரல் பிசுக்கு படிந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் புகை மூட்டமாகத்தான் எடுக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்: போனைக் கண்டதும் முகத்தை மூடும் பெண், கூப்பிட்டால் முதுகை நிமிர்த்திக்கொள்ளும் பாட்டி, சலித்துக்கொள்ளும் அப்பா. நாலு வரியில் ஒரு வீடே கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் இதில் எதுவும் உங்கள் படங்களில் இருக்காது என்று பந்தயமே கட்டுவேன், ஏனென்றால் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் நீங்கள் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். அதற்கு ஒரு நொடி முன்னால் எதிலோ மூழ்கிக் குனிந்திருந்தாரே, அதுதான் அன்றைக்கு எடுத்திருக்க வேண்டிய படம்.

எல்லாம் ஒரே மாதிரி ஆகிப்போவதற்குக் காரணமும் அதுதான். யார் எங்கே இருந்தார்கள் என்று எடுக்கிறீர்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது படத்தில் விழவில்லை. அதனால் ஒரு வாரத்துக்கு முகத்தை மறந்துவிடுங்கள், வேலையை மட்டும் எடுங்கள். பையன் ஷூ லேஸ் கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்ளலாம் (வயது என்னவென்று நீங்கள் எழுதவில்லை, ஐந்தாறு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்). முதல் முடிச்சு எப்படியோ விழுந்துவிடும். ஒரு வளையம் போட்டு, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுநுனியைச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் முதல் வளையம் நழுவும். நாக்கு ஓரமாக எட்டிப் பார்க்கும், மூச்சு நின்றிருக்கும், நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுகூட அவனுக்குத் தெரியாது. போனைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கையும் ஷூவும் ஃப்ரேமை நிறைக்கிற மாதிரி எடுங்கள். நெற்றி வெட்டுப்பட்டால் படட்டும். இன்னும் சில மாதம் போனால் அவன் வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே கட்டிவிடுவான், அப்புறம் யார் நினைத்தாலும் இந்தப் படத்தை எடுக்க முடியாது. பிறந்தநாள் என்றால் அடுத்த வருடமும் வரும்.

பழைய படத்தைச் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவருவதெல்லாம் அநேகமாக நின்று எடுத்த படங்கள்தான். அப்பா கல்யாண மேடையில் நிற்பார், ஸ்டுடியோவில் நிற்பார். அவர் தினமும் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சவரம் செய்ததற்கும், கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்ததற்கும் படமே இருக்காது. தினம் நடக்கிற காரியம் ஆயிற்றே, அதை யார் எடுப்பார்கள்! நீங்கள் கையில் எடுத்திருப்பது அந்த விட்டுப்போன வேலையைத்தான், அதனால் பெரிதாக ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தால் திட்டமே தலைகீழாகிவிடும்.

தினம் ஒரு படம் என்றதும் எங்கள் துறையில் பலருக்கும் நினைவுக்கு வருகிறவர் ஜேமி லிவிங்ஸ்டன். நியூயார்க்கில் வாழ்ந்த புகைப்படக்காரர். 1979 மார்ச் 31 அன்று தொடங்கி 1997 அக்டோபர் 25 வரை எடுத்த உடனே படம் காகிதமாக வெளியே வரும் போலராய்டு கேமராவில் நாளுக்கு ஒரு படம் எடுத்து வைத்தார். அந்தக் கடைசித் தேதி அவருடைய 41வது பிறந்தநாள், இறந்ததும் அன்றைக்குத்தான். மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேல். நண்பர்கள், அறை, தெரு, எவரெவரோ, கடைசிப் பக்கங்களில் ஆஸ்பத்திரி. தனியாக ஒன்றை உருவிப் பார்த்தால் பல படங்கள் சுமார் ரகம்தான், இதை நான் தைரியமாகவே சொல்வேன், ஆனால் வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அவர் பயன்படுத்திய எஸ்எக்ஸ்-70 கேமராவில் ஒரு ஃபிலிம் பேக் போட்டால் பத்துப் படம், அவ்வளவுதான். நன்றாக வரவில்லையே என்று நாற்பது தரம் சுடும் பேச்சுக்கே இடமில்லை. நீங்களும் நாளைக்கு மூன்று கிளிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் வரவில்லை என்றால் வந்ததை வைத்துக்கொண்டு போனைக் கீழே வையுங்கள்.

இதைச் சொல்லும்போதே உங்கள் கணவரின் புகாருக்கும் வந்துவிட்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2014ல் அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லிண்டா ஹென்கல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைச் சும்மா பார்க்கவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்தவைதான் நன்றாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு பொறுப்பைத் தள்ளிவிட்டுவிடுகிறது போலிருக்கிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு இந்த மறதி ஏற்படவில்லை. எதை எடுக்கிறோம் என்று யோசித்து எடுத்தால் பார்வையும் கூடவே நிற்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சோபா, பையன், ஜன்னல், டிவி எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிப் போடாமல் அவன் கையை மட்டும் எடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்று கவனித்தீர்களா? படம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுத்ததைப் பார்த்து, ஃபில்டர் போட்டு, ஸ்டேட்டஸில் வைத்து, யார் யார் பார்த்தார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்தான் அரைமணி நேரம் ஓடிவிடுகிறது. உங்கள் கணவர் குறைப்பட்டுக்கொள்வது அந்த அரைமணி நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எடுத்த இடத்தில் படத்தைத் திறந்து பார்க்காதீர்கள், இரவில் பார்த்துக்கொள்ளலாம். "இங்கே பார்", "சிரி", "இன்னொரு தரம் செய்" ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள், கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம். குழந்தை தானாகக் கட்டிப்பிடித்ததை மறுபடி செய்யச் சொன்னால் அவனுக்கு அது விளையாட்டிலிருந்து வேலையாகிவிடும், அப்புறம் நீங்கள் போனை எடுத்தாலே ஓடுவான்.

மாமியார் விஷயம் சுலபம். போஸ் கொடுக்கட்டும், அது அவர் பழகிய முறை, அதை மறுத்தால் அவர் மனசு கோணும். ஒன்று எடுத்து, "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனைத் தாழ்த்துங்கள், ஆனால் நகராதீர்கள். தோள் தளரும், கை பழையபடி வேலைக்குப் போகும். அவர் ஊசியில் நூல் கோர்க்கிறார் என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நூல் முனையை உதட்டில் நனைத்து, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணைச் சுருக்குவார். அப்போது எடுங்கள். இரண்டு படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குக் காட்ட முதலாவது.

மகளிடம் இந்தத் தந்திரம் எதுவும் வேண்டாம். அவளுக்குத் தெரியாமல் எடுப்பது, பின்னாலிருந்து எடுப்பது, தூங்கும்போது எடுப்பது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். பதிமூன்று வயதில் தன் முகமே தனக்குப் பிடிக்காமல் போகிற நாள்கள் உண்டு, அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு கேமரா துரத்தினால் எரிச்சல் வராமல் என்ன வரும்? பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? அவள் படத்தை அவள் பார்த்து, பிடிக்காததைத் தானே அழிக்கலாம், ஏன் என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவள் இருக்கும் எந்தப் படமும் அவள் சம்மதம் இல்லாமல் ஸ்டேட்டஸுக்கோ உறவினர் குரூப்புக்கோ போகக் கூடாது. இப்படி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு தரம் மீறினாலும் போச்சு, அதனால் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் கொடுங்கள். சில மாதம் அவள் முகமே உங்கள் தொகுப்பில் இல்லாமல் போகலாம், போகட்டும். அவள் சரி என்றால் அவளுடைய மேசையை எடுங்கள், கழற்றிப் போட்ட பையை எடுங்கள், மூடிய கதவைக்கூட எடுக்கலாம். பதிமூன்று வயது இருக்கிற வீட்டில் மூடிய கதவும் குடும்பப் படம்தான். இன்னொன்று, வாரத்தில் ஒரு நாள் அவளிடமே போனைக் கொடுத்து அன்றைய படத்தை அவள் பொறுப்பில் விடுங்கள். உங்களை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று தெரியவரும், கொஞ்சம் தயாராக இருங்கள்.

பையனுக்கு அந்த வயது இன்னும் வரவில்லை என்பதால் அவனுக்காக நீங்கள்தான் யோசிக்க வேண்டும். குளிக்கும் படம், அழுது அடம்பிடித்த படம் எல்லாம் எடுக்கலாம், வீட்டோடு இருக்கட்டும். போனில் லொகேஷன் அனுமதி போட்டிருந்தால் எடுத்த நேரத்தோடு இடமும் படத்தின் உள்ளேயே பதிவாகும், அசல் ஃபைலை வெளியாருக்கு அனுப்பினால் அதுவும் சேர்ந்து போக வாய்ப்பு உண்டு. கேமரா செட்டிங்கில் அதை அணைத்துவிடலாம்.

நீங்கள் எதிலும் இல்லை என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்தில் பெரிய குறையாகப் பட்டது. பத்து வருடம் கழித்து இந்தத் தொகுப்பைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் அம்மா என்று ஒருவர் இருந்ததற்கான அடையாளமே இருக்காது. கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று கிழமை குறித்துக் கொடுத்துவிடுங்கள். நன்றாக எடுக்கத் தெரியாது என்பார், தெரிய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆள் இல்லாத நேரத்துக்குப் போனை அலமாரியில் சாய்த்து வைத்து டைமரைப் பத்து நொடிக்குப் போடலாம். இல்லையென்றால் 4கே வீடியோவாக ஒரு நிமிடம் ஓடவிட்டு அதிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஃப்ரேம் 3840 × 2160 பிக்சல் இருக்கும், சாதாரண பிரிண்டுக்கு அது தாராளம். தலை கலைந்திருக்கிறது என்று அழிக்காதீர்கள்.

எடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் சொதப்புவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான். பகலில் ஜன்னல் பக்கம் இருக்கும்போது மேலே எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் சேர்ந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் போகும். ஜன்னலை விட்டுத் தள்ளிப்போகப் போக வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடுவதால், ஆளை இரண்டடி ஜன்னல் பக்கம் நகர்த்துவதைவிட, அவர்கள் தாமாக ஜன்னல் பக்கம் வரும் நேரம் எது என்று பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இரவில் நைட் மோடு தானாகவே விழுந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒரு நொடி, சில நேரம் மூன்று நொடிகூட ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு மாதிரி) திறந்து வைக்கும், அசையாத சுவருக்கு அது சரி, குழந்தைக்குச் சரிப்படாது. ஓடுகிற பையன் கலங்காமல் விழ ஷட்டர் 1/500 நொடியாவது வேண்டும், அவ்வளவு வெளிச்சம் வீட்டுக்குள் இரவில் கிடைக்காது, அதனால் அவன் அசையாமல் எதிலாவது மூழ்கும் நேரத்துக்குக் காத்திருங்கள், இல்லை கலங்கலையே ஏற்றுக்கொள்ளுங்கள். கலங்கிய படம் கெட்ட படம் என்று ஒரு விதியும் கிடையாது. 0.5 என்று இருக்கும் அகன்ற லென்ஸில் ஓரத்தில் நிற்கிறவர் முகம் இழுபட்டுப் போகும், ஆள் இருக்கும் படத்துக்கு 1 என்பதையே வையுங்கள். குழந்தைக்கு அவன் கண் மட்டத்தில் உட்கார்ந்து எடுங்கள். சும்மா ஒரு நாள் பக்கத்து அறையில் நின்று, கதவு நிலை இரண்டு பக்கமும் தெரிய, உள்ளே நடப்பதை எடுத்துப் பாருங்கள். யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள்.

விட்டுப்போன ஒன்பது நாளைக் காலியாகவே விடுங்கள். வேறு நாள் படத்தைப் போட்டு அடைக்காதீர்கள், அப்புறம் உங்களுக்கே எந்தத் தேதியிலும் நம்பிக்கை போய்விடும். ஏன் விட்டது என்று நினைவிருந்தால் அந்தத் தேதியில் ஒரு வரி எழுதுங்கள்: "பையனுக்குக் காய்ச்சல், யாரும் தூங்கவில்லை." படம் எடுக்க முடியாமல் போன நாள்களில்தான் வீட்டில் நிறைய நடந்திருக்கும். 365 என்ற எண்ணில் புனிதம் ஒன்றும் இல்லை. தினம் முடியவில்லை என்றால் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மணிக்கு ஒரு படம் எடுங்கள், அதுவும் வருடக் கடைசியில் நல்ல கனமான தொகுப்பாக வரும். எப்படியிருந்தாலும் டிசம்பர் 31 அன்று முடித்துவிடுங்கள். முடிவுத் தேதி இல்லாத திட்டம்தான் முதலில் சாகும்.

மாதம் ஒன்றாம் தேதிக்கு மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: அதே இடம், அதே ஆள்கள், அதே வரிசை. நிக்கோலஸ் நிக்சன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் வருடத்துக்கு ஒரு படம் என்று நாற்பது வருடத்துக்கும் மேலாக எடுத்தார், நால்வரும் ஒவ்வொரு படத்திலும் இடமிருந்து வலமாக அதே வரிசையில் நிற்பார்கள். வரிசை மாறாததால்தான் முகம் மாறுவது பளிச்சென்று தெரிகிறது. மகள் வரமாட்டேன் என்றால் அவள் இடத்தைக் காலியாக விட்டு எடுங்கள்.

கடைசியாக, எடுத்ததை என்ன செய்வது? பலருடைய திட்டம் படம் எடுக்காமல் நிற்பதில்லை, எடுத்த நாலாயிரத்தில் எது எந்த நாளுக்கு என்று தெரியாமல்தான் நிற்கிறது. அன்றைய மூன்றில் ஒன்றை அன்றிரவே தேர்ந்தெடுத்துத் தனி ஆல்பத்துக்கு நகர்த்துங்கள், மீதியை ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுங்கள். இரண்டுக்கு நடுவில் திண்டாடினால் அழகானதை விட்டு, பேச்சுக் கொடுக்கிற படத்தை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வரி குறிப்பு. தேதியும் நேரமும் போன் பதிந்துகொள்ளும், அன்றைக்கு அவன் ஏன் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தான் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தாலும் வருடம் முழுக்கச் சேர்ந்து ஒன்றரை ஜிபிதான் வரும், அதனால் பேக்கப்புக்கு இடமில்லை என்ற சாக்கு செல்லாது. மூன்று பிரதி, அதில் இரண்டு வேறுவேறு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, ஆன்லைன் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதி என்று எண்ணாதீர்கள், சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

பிரிண்ட் கண்டிப்பாகப் போடுங்கள். 4 × 6 அங்குலத்துக்கு 1200 × 1800 பிக்சல் இருந்தாலே தெளிவாக வரும், உங்கள் போன் அதைவிடப் பல மடங்கு தருகிறது. பின்பக்கம் தேதி எழுதும்போது பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மெல்லிய மார்க்கரால் எழுதிக் காயவிட்டு அடுக்குங்கள். எல்லாவற்றையும் டிசம்பரில் மொத்தமாகப் போடலாம் என்று சேர்த்து வைத்தால் போடவே மாட்டீர்கள், மாதா மாதம் போட்டுவிடுங்கள், இதுவரை சேர்ந்த பாக்கியை இந்த வாரமே தீர்த்துவிட்டால் நல்லது.